கட்டிங் மாஸ்டர் பார்த்த ஜப்பான் பனியன்

என் அப்பா திருப்பூரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து ஒருமுறை உருட்டினால் போதும், அது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அதாவது 160 ஜிஎஸ்எம்மா 180 ஜிஎஸ்எம்மா என்று சொல்லிவிடுவார். பிறகு தராசில் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கிராம்தான் முன்னே பின்னே இருக்கும். ஆயத்த ஆடைக் கடை எதையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. இந்த ஜனவரியில் கேட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடை, டெல்லி வசந்த் குஞ்ச் ஆம்பியன்ஸ் மாலில் இருக்கும் ஜப்பானிய ஆடை நிறுவனமான யூனிக்லோ. பொருள், குளிர்காலத்தில் சட்டைக்கு உள்ளே அணிகிற 'ஹீட்டெக்' பனியன்.

நாங்கள் குடியிருப்பது ஆர்.கே. புரத்தில். மலை மந்திர் என்கிற முருகன் கோயில் நடந்து போகிற தூரம். திருமணத்துக்கு முன்பு நானும் ஒன்பது ஆண்டுகள் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்து, தரக் கட்டுப்பாடான க்யூசி வரை வந்தேன். ஆகவே பனியனைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். குளிரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாமல் இந்த ஊருக்கு வந்தேன்.

ஊட்டிக் குளிர் வேறு, டெல்லிக் குளிர் வேறு. டெல்லியின் வீடுகள் மே மாத வெயிலை நினைத்துக் கட்டியவை. ஜனவரி விடியற்காலையில் வெளியே ஏழு டிகிரி என்றால் குளியலறைத் தரையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் குளிர் விட்டுவிடும் என்ற ஆறுதலே கிடையாது. சரோஜினி நகர் சந்தையில் ஸ்வெட்டராக வாங்கிக் குவித்தேன். மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் நடுக்கம் நிற்கவில்லை. தோலை ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு சரியாக இல்லாவிட்டால் மேலே போடும் கம்பளி வெறும் சுமைதான் என்பது எனக்குப் புரிய மூன்று குளிர்காலங்கள் ஆயின. பனியன் ஊரில் பிறந்தவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு குளிருக்கு உள்ளே அணியும் தெர்மல் வாங்க ஆரம்பித்தேன். ஒரு கடையில் வாங்கிய ஜோடி இன்னும் மனத்தில் நிற்கிறது. கடையின் பெயர் வேண்டாம். வாங்கும்போது மெத்தென்று இருந்தது. நான்காவது சலவையில் அக்குளிலும் தொடையிலும் பில்லிங், அதாவது குட்டிக் குட்டி நூல் உருண்டைகள் வந்து மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. கணுக்காலைப் பிடிக்கும் நெகிழ்வான பின்னல் பட்டையான ரிப் தளர்ந்து செருப்பின்மேல் விழுந்தது. துணியோ அவ்வளவு தடிமன். அதன்மேல் சுடிதார் போட்டால் கை மடங்காது. குளிரில் இருப்பவர்கள் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் தைத்த துணி அது. அந்த எண்ணம்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது.

யூனிக்லோ டெல்லிக்கு வந்தது 2019 அக்டோபரில். இந்தியாவில் அதன் முதல் கடை இதுதான். வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகள் நம் நாட்டில் கால் வைக்கும்போது மும்பையையோ பெங்களூரையோ தேடிப் போவதையும் பார்த்திருக்கிறோம். இவர்கள் டெல்லியைத் தேர்ந்தெடுத்ததற்குக் கம்பெனி என்ன காரணம் வைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: பெருநகரங்களில் உண்மையான குளிர்காலம் இருப்பது இங்கேதான். கடை திறந்த அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் நேர உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். 1901க்குப் பிறகு டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் வந்ததில்லை என்று செய்தித்தாள்களில் போட்டார்கள். அந்த வாரம்தான் என் முதல் ஹீட்டெக்கை வாங்கினேன். அதை இரண்டு குளிர்காலம் விடாமல் போட்ட பிறகு, பையனுக்கும் வீட்டுக்காரருக்கும் வாங்கினேன். அப்பாவுக்கு வாங்கியது இந்த ஆண்டுதான்.

அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. தைப்பூசம் வரை எங்களோடு இருப்பதற்காக வந்திருந்தார். வந்த மறுநாளே விடியற்காலையில் மலை மந்திருக்குக் கிளம்பிவிட்டார். வேட்டி, அரைக்கைச் சட்டை, மேலே ஒரு துண்டு. கல்படிகளில் வெறுங்காலோடு ஏறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு, தீபாராதனைக்குக்கூட நிற்காமல் திரும்பி வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முருகன் சன்னதியில் தீபாராதனை பார்க்காமல் அவர் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அன்று மதியமே அவரை அழைத்துக்கொண்டு வசந்த் குஞ்ச் போனேன்.

நெல்சன் மண்டேலா சாலையில் ஆட்டோ நின்றதும், "இவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் வாடகையைப் பனியன் விலையில்தானே கண்ணு வைப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விலையைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குள் போனதும் அவர் முதலில் பார்த்தது அடுக்கை. ஒரே மாதிரியான சட்டை, ஒரே நிறம், கழுத்து ஒரே கோட்டில் வரும்படி தரையிலிருந்து தலைக்கு மேல்வரை அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அதே சட்டை அடுத்த நிறத்தில். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாடல் கொஞ்சம்தான். குவாண்டிட்டி நிறைய," என்றார். அந்தக் கம்பெனியின் கதையே அந்த இரண்டு சொற்றொடர்களுக்குள் இருக்கிறது. 1998இல் தோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியில் கடை திறந்தபோது 1,900 யென்னுக்கு ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை ஒன்றை முன்னால் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதே சட்டை ஐம்பத்தொரு நிறங்களில் 2.6 கோடி விற்றது. ஜப்பானின் மக்கள்தொகையே அப்போது 12.7 கோடிதான். கட்டிங் மேசையில் நின்றவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். துணியில் வெட்டுக்கோடு போடும் மார்க்கர் ஒன்று, அளவு மாதிரியான பேட்டர்ன் ஒன்று, நூல் ஆர்டர் மலைபோல. துணி வீணாவது குறைகிறது, தையல்காரரின் கை அதே வேலைக்குப் பழகிவிடுகிறது, தரம் தானாக ஏறுகிறது. வாரம் ஒரு மாடல் மாற்றும், ஆர்டர் கொடுக்கும் பையர்களிடம் வேலை செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதன் நிறுவனர் தடாஷி யனாய் ஒரு தையல் கடைக்காரரின் மகன் என்று சொன்னேன். யமாகுச்சி மாநிலத்தில் ஊபே என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் அவருடைய தந்தை ஆண்கள் உடைக் கடை வைத்திருந்தார். மகன் 1984இல் ஹிரோஷிமாவில் யூனிக்லோவின் முதல் கடையைத் திறந்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் துணியில் கை வைத்தார்.

அவர் சோதிக்கும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் பனியனை உள்புறம் வெளியே வரும்படி திருப்புவார். வெளிப்புறத்தை எவர் வேண்டுமானாலும் அழகாகத் தைத்துவிடலாம் என்பது அவருடைய வாதம். தோள் தையலில் பெருவிரலை ஓட்டிப் பார்ப்பார். கீழ் மடிப்பின் பேட்லாக் தையலை இரண்டு கைகளாலும் இழுத்து, நூல் பல்லைக் காட்டுகிறதா என்று பார்ப்பார். ரிப்பை அகல விரித்து விட்டுவிட்டு, அது பழைய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். கடைசியில் பிசிர். ஓரிடத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கீழே வைத்துவிடுவார்.

நான்கு பனியன்களைத் திருப்பினார். பிசிர் இல்லை. கழுத்தில் துணிச் சீட்டு வைத்துத் தைக்காமல் எழுத்தை நேராக அச்சிட்டிருந்ததைத் தடவிப் பார்த்து, "இதைச் செய்தவன் தானும் போட்டுப் பார்த்திருக்கிறான்," என்றார். பின்கழுத்தை உறுத்தும் அந்தச் சீட்டைப் பற்றி நாங்கள் இருவருமே எங்கள் கம்பெனிகளில் பேசி, யாரும் காதில் வாங்காத காலம் ஒன்று உண்டு.

அவர் திருப்பிப் போட்டதை எல்லாம் மறுபடி மடித்து வைப்பதற்காக ஒரு பையன் வந்தான். வடகிழக்கு மாநிலத்தவன்போல இருந்தான். அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. அப்பா அவன் கையைத் தடுத்து, தானே மேசையில் வைத்து மடித்தார். பேக்கிங் செக்‌ஷனில் அட்டை வைத்து மடிக்கும் அந்த மடிப்பு, கையே அட்டையாக. நான்கும் நான்கு வினாடிபோல முடிந்தன. பையன் ஒன்றை எடுத்து, அடுக்கின் மேல் வைத்துப் பார்த்தான். ஓரம் இம்மியும் பிசகவில்லை. அவன் குனிந்து வணங்கினான். அப்பா பதிலுக்குக் கும்பிட்டார். அந்தக் கடையில் நான் பார்த்த நல்ல காட்சி அதுதான்.

இனி துணி. சாதாரண ஹீட்டெக்கில் பாலியஸ்டர், அக்ரிலிக், ரேயான், கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்திருக்கிறது. டோரே என்ற ஜப்பானிய இழை நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடலிலிருந்து ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ரேயான் அந்த ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பம் வெளிப்படும். மெல்லிய அக்ரிலிக் இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டு அந்த வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆட்டுக் கம்பளியும் இதைச் செய்யும், நன்றாகவே செய்யும். சாதாரணக் கம்பளியால் முடியாதது இந்த மென்மையும் இந்த மெலிவும். இதன்மேல் பருத்திச் சட்டை போட்டால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. என் பழைய தெர்மலில் கை மடங்காத கதையைச் சொன்னேன் அல்லவா, அந்தத் தொல்லை இதில் இல்லை.

அப்பாவுக்குச் சாதாரண ஹீட்டெக் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பருத்தியில் கை வைத்தவர். "வழுவழு என்கிறது, பாம்புச் சட்டைபோல," என்று வைத்துவிட்டார். அதற்கு மேலே இரண்டு தரங்கள் உண்டு. 'எக்ஸ்ட்ரா வார்ம்' ஒன்றரை மடங்கு, 'அல்ட்ரா வார்ம்' இரண்டேகால் மடங்கு சூடு என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. எக்ஸ்ட்ரா வார்மில் தோலில் படும் பக்கம் பருத்தியாக ஒரு வகை இருக்கிறது. உள்ளங்கையை உள்ளே விட்டுப் பார்த்தவர், கையை எடுக்கவே இல்லை. "இது நம்ம பஞ்சு," என்றார். மேலுக்கு ஒன்று, வேட்டிக்கு உள்ளே போடக் கால்சட்டை ஒன்று எடுத்தோம்.

விலை. சாதாரண பனியன் ஒன்று நான் வாங்கியபோது ஆயிரத்து ஐந்நூறுக்குள் இருந்தது. எக்ஸ்ட்ரா வார்ம் அதைவிடச் சில நூறு கூடுதல். இன்னும் செக்கிங் வேலையில் இருக்கும் என் சித்தி மகள் நான்கு ஷிப்ட் நின்றால்தான் அந்தப் பணம் வரும். ஒரு குடும்பத்துக்கே ஆளுக்கு இரண்டு ஜோடி என்று வாங்கக்கூடிய விலை இல்லை இது. ஜப்பானில் எல்லாருக்குமான கடை என்று பெயர் எடுத்த நிறுவனம், டெல்லியில் நடுத்தர வர்க்கத்தின் மேல்பாதிக்கான கடையாகத்தான் நிற்கிறது. முனிர்க்கா பஸ் நிறுத்தத்தில் காலை ஆறு மணிக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் இதை வாங்க முடியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும்.

பில் போடும் முன்பு அப்பா இன்னொரு காரியம் செய்தார். எந்த நாட்டில் தைத்தது என்று ஒவ்வொரு சீட்டாகப் படிக்கச் சொன்னார். வங்கதேசம், வியட்நாம், சீனா என்று படித்துக்கொண்டே போனேன். அவர் எதிர்பார்த்த பெயர் அன்று நான் புரட்டிய அடுக்கில் வரவில்லை. 1970களின் கடைசியில் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததில்தான் திருப்பூரின் ஏற்றுமதி தொடங்கியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதனால் வெளிநாட்டுக் கடை ஒன்று இந்தியாவுக்கு வருகிறது என்றால் திருப்பூர்க்காரர்கள் முன்வாசலைப் பார்க்க மாட்டார்கள்; பின்வாசலில் ஆர்டர் வருமா என்றுதான் பார்ப்பார்கள். ஒரே பிராண்டு விற்கும் கடையில் அந்நிய முதலீடு 51 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் 30 சதவீதம் இந்தியாவிலிருந்து இருக்க வேண்டும் என்பது விதி. 2019 ஆகஸ்டில் அதைத் தளர்த்தி, வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே வாங்குவதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். திருப்பூருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் செயற்கை இழைப் பின்னலில் நம் ஊர் இன்னும் கை தேறவில்லை. பருத்தியிலேயே பிறந்து பருத்தியிலேயே வளர்ந்துவிட்டோம். ஹீட்டெக் மாதிரி ஒரு துணிக்கு ஆர்டர் வந்தால் எடுத்துச் செய்கிற மில்கள் நம்மிடம் எத்தனை என்பதுதான் அப்பாவின் கவலை, எனக்கும்.

இந்தியாவுக்கென்றே அவர்கள் கொண்டுவந்த குர்தாக்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தையல் சுத்தம், நிறம் அடக்கம். குர்தாவுக்காக நான் அங்கே போக மாட்டேன். அதற்கு டில்லி ஹாட் கைவினைச் சந்தை இருக்கிறது. ஓர் ஊருக்குப் புதிதாக வருபவர் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததைச் செய்துகாட்டுவதைவிட, தமக்குத் தெரிந்ததை அந்த ஊருக்குப் பொருத்துவது நல்லது என்று நினைக்கிறேன். இந்த நிறுவனம் அதைப் பட்டுத்தான் கற்றது. 2001இல் முதன்முதலாக வெளிநாட்டில், லண்டனில் கடை திறந்தவர்கள், இரண்டே ஆண்டுகளில் இருபத்தொன்று வரை போய், பதினாறை மூட வேண்டி வந்தது. அகலக்கால் வைத்த கதை. டெல்லியில் அந்தத் தவறைக் காணோம். வசந்த் குஞ்ச், சாக்கேத், குருகிராம் என்று பக்கம் பக்கமாகத் தொடங்கி, மும்பைக்குப் போக 2023 அக்டோபர் வரை காத்திருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அப்பாவோடு நானும் மலை மந்திர் போனேன். கைப்பேசி ஆறு டிகிரி காட்டியது. மூடுபனியில் கோபுரம் தெரியவில்லை. உள்ளே எக்ஸ்ட்ரா வார்ம், மேலே எப்போதும் போடும் அரைக்கைச் சட்டை, துண்டு, அவ்வளவுதான். ஸ்வெட்டர் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். படியேறும்போது கை இரண்டையும் கட்டிக்கொள்ளாமல் வீசி நடந்தார், அதைத்தான் கவனித்தேன். மூன்று சுற்று சுற்றினார். தீபாராதனை முடிந்து திருநீறு வாங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தார். "கால்தான் கண்ணு விறைக்கிறது, மார்பு கதகதப்பாக இருக்கிறது," என்றார்.

காற்றுக்கு இது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடக்கிறவர்களுக்கும் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கும் சரி. ஸ்கூட்டரில் போகிறவர்கள் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் போடாவிட்டால், பனியன் பிடித்துவைத்த சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். சரியான அளவில் உடலை ஒட்டியும் இருக்க வேண்டும். வளரும் பையனுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கலாம் என்ற நம் வழக்கம் இங்கே செல்லாது.

என் முதல் பனியனை நாற்பது சலவைக்கு மேல் போட்டுவிட்டேன். உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வலைப் பையில் போட்டுத் துவைக்கிறேன். கம்ஃபர்ட் மாதிரியான மென்மையூட்டி எதுவும் சேர்ப்பதில்லை, இஸ்திரி போடுவதில்லை. அக்குளில் பில்லிங் இல்லை. மணிக்கட்டு ரிப் இழுத்துவிட்டால் இன்னும் திரும்பி வருகிறது. டெல்லியில் பனி மூட்டம் இறங்கிய வாரத்தில் பருத்தித் துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரம் சொட்டும்; இது இரவு கொடியில் போட்டால் காலையில் காய்ந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது துவைப்பவர்களுக்குத் தெரியும். அப்பா எடுத்த பருத்தி வகை காய இன்னும் அரை நாள் கூடுதலாகிறது.

வாங்க நினைப்பவர்கள் தீபாவளியை ஒட்டியே போங்கள். குளிர் வந்த பிறகு போனால் எந்தக் கடையிலும் நம் அளவு முதலில் தீர்ந்திருக்கும். ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருந்தால் மேலுக்கு வாங்குங்கள், கால்சட்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தைப்பூசம் முடிந்து அப்பா கேரளா எக்ஸ்பிரஸில் கிளம்பினார். நாக்பூர் தாண்டிய பிறகு பனியனைக் கழற்றிப் பைக்குள் வைத்ததாகத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் அதை வீட்டில் வைக்கவில்லை. தான் வேலை பார்த்த கம்பெனிக்கு எடுத்துப் போய், இப்போதைய கட்டிங் மாஸ்டரிடமும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையனிடமும் காட்டியிருக்கிறார். பின்னலைப் பார்க்க வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா என்று அவர்கள் கேட்டார்களாம். அப்பா என்னைக் கேட்டார். பிரிக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த ஜனவரிக்கு இன்னொன்று வாங்கிக்கொள்வோம்.